பேராதனை: அம்மா ஜன்னல் வழியே பார்த்த பல்கலைக்கழகம்

“காசியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். என்னை ஒரு தடவ பேராதனைக்குக் கூட்டிட்டுப் போ.”

தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாவிடம், “எங்கேம்மா போகலாம்?” என்று கேட்டபோது வந்த பதில் இது. இலங்கையின் கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் எங்களுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை. அம்மா அங்கே வாழ்ந்ததும் இல்லை. பத்து வயதில், ஓடும் ரயிலின் ஜன்னல் வழியாகச் சில நிமிடங்கள் பார்த்ததோடு சரி. ஆனால், அந்தச் சில நிமிடங்களை ஐம்பது வருடங்களாகப் பத்திரமாக வைத்திருந்தார்.

2025 மார்ச்சில் ஒருவழியாகக் கிளம்பினோம். மலையும் ஆறும் மரங்களும் சூழ்ந்த பல்கலைக்கழக ஊர் என்பதால், குடும்பத்தோடு போய்வர அருமையான இடம் இது. எப்படிப் போவது, எதைப் பார்ப்பது என்பதெல்லாம் பின்னால் வருகிறது. அதற்கு முன் அந்த ஜன்னல் கதையைக் கேட்டுவிடுங்கள்.

ஜன்னலோரச் சிறுமி

அம்மா பிறந்தது ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில். தாத்தா, பாட்டி இருவருமே தோட்டத் தொழிலாளர்கள். அவர்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து மலையேறியவர்கள். 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இவர்களைப் போன்ற லட்சக்கணக்கானவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கிவிட்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவானது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன.

தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர். பாஸ்போர்ட் வேலையாகக் கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்துக்குப் போகும்போது, ஒருநாள் அம்மாவையும் கூட்டிப் போயிருக்கிறார். மலையகத்தில் ரயிலுக்குக் ‘கோச்சி’ என்று பெயர். ஹட்டனிலிருந்து இறங்கிவரும் கோச்சி, பேராதனைச் சந்திப்பில் கண்டிப் பக்கம் திரும்பி, மகாவலி கங்கைப் பாலத்தைத் தாண்டியது. அந்தப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே பெரிய பெரிய கட்டடங்கள். மார்போடு புத்தகங்களை அணைத்துக்கொண்டு பேசிச் சிரித்தபடி நடந்துபோகும் பெண்கள்.

“அப்பா, அது யாரு வீடு?”

“வீடு இல்ல புள்ள. பெரிய படிப்பு படிக்கிற எடம்.”

“நானும் அங்க படிக்கலாமா?”

தாத்தா பதில் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர்தான் சொன்னாராம்: “இந்தியாவுக்குப் போற பிள்ளைக்கு இங்க என்ன படிப்பு?”

அடுத்த வருடமே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. போகிறவர்களும் நிற்கிறவர்களும் கதறி அழுததால், மலையகத்தில் அந்த ரயிலுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர். தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பல், அங்கிருந்து ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழக அரசு 1968-ல் ஆரம்பித்த தேயிலைத் தோட்டத் திட்டத்தில்தான் தாத்தாவுக்கு மறுபடி கூலி வேலை கிடைத்தது. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அம்மாவும் கொழுந்துக்கூடையைத் தூக்கிக்கொண்டார்.

மருதமலை அடிவாரத்தில் இருக்கும் பாரதியார் பல்கலைக்கழகத்தில் என்னைச் சேர்க்க வந்த நாளில், பின்னால் இருந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார் அம்மா. “பேராதனை மாதிரியே இருக்கு” என்றார். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

எப்படிப் போவது?

அன்றைக்கு ஹட்டனிலிருந்து நீலகிரிக்கு வந்துசேர அம்மாவுக்குப் பல நாட்கள் ஆயின. இன்றைக்குத் திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. சென்னை, மதுரையிலிருந்தும் விமானங்கள் உண்டு. இலங்கைக்குப் போக ‘ஈ.டி.ஏ.’ எனப்படும் மின்னணுப் பயண அனுமதியை வீட்டிலிருந்தே ஆன்லைனில் வாங்கிவிடலாம். கட்டணமும் விதிகளும் அவ்வப்போது மாறுவதால், இலங்கை அரசின் அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் பாருங்கள். அதே மாதிரிப் பெயரில் இடைத்தரகர் தளங்கள் நிறைய இருக்கின்றன, ஜாக்கிரதை.

விமான நிலையம் இருப்பது கொழும்புக்கு வடக்கே, கட்டுநாயக்காவில். நேரம் குறைவாக இருந்தால் அங்கிருந்தே கண்டிக்குப் பேருந்திலோ காரிலோ போய்விடலாம். ஆனால், முடிந்தவரை ரயிலில் போங்கள் என்பதுதான் என் சிபாரிசு. கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து கண்டி சுமார் 120 கிலோமீட்டர். இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். 1867-லேயே போட்டு முடித்த பாதை இது. மலையிலிருந்து காபியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர வெள்ளைக்காரர்கள் போட்டார்கள். கொஞ்ச வருடங்களில் காபிச் செடிகள் நோய் வந்து அழிய, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

ரம்புக்கணை வரை சாதாரண சமவெளிப் பயணம்தான். அதன் பிறகு மலை ஆரம்பம். கண்டிக்குப் போகும்போது வலதுபக்க ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். சரேலென்று இறங்கும் பள்ளத்தாக்கு, அடுக்கடுக்கான வயல்கள், பைபிள் ராக் என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த தட்டையான மலை, சுரங்கப் பாதைகள் எனக் கடுகண்ணாவை வரும்வரை கண்ணை எடுக்க முடியாது. சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது மொத்தப் பெட்டியும் ‘ஓ’ போடுகிறது. முதல் சுரங்கத்தில் சிரித்த அம்மா, மூன்றாவது சுரங்கத்தில் தானும் கத்தினார்!

பேராதனைச் சந்திப்பு, ரயில் பிரியர்களுக்குப் பிடித்துப்போகும் நிலையம். முக்கோண வடிவத்தில் இருக்கிறது. கொழும்பு, கண்டி, பதுளை என மூன்று திசைப் பாதைகளும் இங்கே கை கோக்கின்றன. எல்லா ரயில்களும் இங்கே நிற்காது. அதனால் கண்டியிலேயே தங்கிக்கொண்டு, அங்கிருந்து 6 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பேராதனைக்குப் பேருந்திலோ ஆட்டோவிலோ வந்துபோவது வசதி. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

சரஸ்வதியின் தோட்டம்

பேராதனைச் சந்திப்புக்கும் கண்டிக்கும் நடுவில், பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரு குட்டி ரயில் நிலையம் இருக்கிறது. பெயர் ‘சரசவி உயன’. சிங்களத்தில் ‘சரசவி’ என்றால் சரஸ்வதி. பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘சரசவிய’தான். ‘உயன’ என்றால் பூந்தோட்டம். “சரஸ்வதி தோட்டமா! நாங்க இருந்த தோட்டத்துக்கெல்லாம் தொரைமார் பேருதான் இருக்கும்” என்றார் அம்மா.

முதல் நாள் காலை ஆட்டோவில் வந்து கலஹா சந்தியில் இறங்கினோம். கலஹா வீதியில் திரும்பினால் பல்கலைக்கழகம் ஆரம்பித்துவிடுகிறது. நம் ஊர் பல்கலைக்கழகங்கள்போல் பெரிய வளைவு, மதில் சுவர் என்று எதிர்பார்த்து அம்மா ‘கேட்’டைத் தேடினார். பொதுச் சாலையே வளாகத்துக்குள் புகுந்து போகிறது. பேருந்துகள் ஓடுகின்றன. இரண்டு பக்கமும் மரங்கள், புல்வெளிகள். ஒருபுறம் மகாவலி கங்கை, மறுபுறம் ஹந்தானை மலைத்தொடர். சுமார் 700 ஹெக்டேர் பரப்பில், ஆற்றங்கரையிலிருந்து மலைச்சரிவு வரை நீளும் வளாகம் இது. மார்ச் மாதம் என்பதால் ‘ரொபரோசியா’ மரங்கள் இலை தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன. கீழே விழுந்த பூக்களை மிதிக்காமல் ஓரமாக நடந்தார் அம்மா.

இந்த வளாகத்தின் கதை கொழும்பில் தொடங்குகிறது. இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் சர் பொன்னம்பலம் அருணாசலம். 1942-ல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் உருவானது. முதல் துணைவேந்தர் சர் ஐவர் ஜென்னிங்ஸ். மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஊராகவே ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்ட வேண்டும் என்பது கனவு. அதற்குத் தேர்ந்தெடுத்த இடம்தான் பேராதனை. லண்டன் நகரத் திட்டத்தால் புகழ்பெற்ற சர் பேட்ரிக் அபர்குரோம்பி வளாகத்தின் வரைபடத்தில் பங்கெடுத்தார். கட்டடங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஷர்லி டி அல்விஸ். இரட்டைச் சரிவு கொண்ட கண்டிக் கூரைகள், செதுக்கிய கல் தூண்கள், வாசற்படியில் அரைவட்டக் கல் என உள்ளூர் மரபைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். செனட் கட்டடத்தின் கீழே தூண்களுக்கு நடுவில் நின்று பாருங்கள். பழைய அரண்மனை மண்டபத்துக்குள் நிற்கிற உணர்வு வரும்.

1952-ல் பல்கலைக்கழகம் இங்கே குடியேறியது. முறைப்படி திறப்பு விழா நடந்ததோ 1954 ஏப்ரலில். இங்கிலாந்து ராணி எலிசபெத்தோடு வந்திருந்த இளவரசர் பிலிப்தான் திறந்து வைத்தார். ‘ஏற்கெனவே திறந்துகிடக்கிற இடத்தை என்னவென்று திறப்பது?’ என்று நினைத்தாரோ என்னவோ, ‘வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருக்கிறது’ என்று குறும்பாக அறிவித்ததாக இங்கே இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. “யாருக்குத் தெறந்திருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க ஊர் விட்டு ஊர் போக வேண்டும். குடியுரிமையும் இல்லை, கையில் காசும் இல்லை. ரயிலில் பக்கத்திலேயே கடந்துபோனாலும் இந்த வளாகம் அவர்களுக்கு வெகு தூரம்.

தமிழ் வளர்ந்த மலைச்சரிவு

மாணவர் விடுதிகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடப்பது ஒரு சுவாரஸ்யம். ராமநாதன் மண்டபம், அருணாசலம் மண்டபம் என்று வரிசையாக வருகின்றன. பொன்னம்பலம் சகோதரர்கள் இருவர் பெயரிலும் விடுதி இருக்கிறது. பெயர்ப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளும் இருப்பதால் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள்கூடத் தைரியமாகச் சுற்றலாம்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் யார் தெரியுமா? ‘யாழ் நூல்’ தந்த சுவாமி விபுலானந்தர். அதற்கு முன் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் அவர்தான் முதல் தமிழ்ப் பேராசிரியர். அவருக்குப் பின் வந்தவர் க. கணபதிப்பிள்ளை. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதியவர். இன்று தமிழ் இலக்கிய விமர்சனத்தில் தவிர்க்க முடியாத பெயர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேராதனையில் படித்தவர்கள். கவிஞரும் மொழியியல் அறிஞருமான எம்.ஏ. நுஃமான் இங்கே பேராசிரியராக இருந்தவர்.

வளாகத்தில் தவறவிடக் கூடாத இடம், மரங்களுக்கு நடுவே பள்ளமாக இறங்கும் திறந்தவெளி அரங்கம். சிங்கள நாடகத்தின் பிதாமகரான எதிரிவீர சரச்சந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாணவர்கள் செல்லமாக ‘வள’ என்கிறார்கள். சிங்களத்தில் பள்ளம் என்று பொருள். சரச்சந்திர நாட்டுப்புறக் கூத்திலிருந்து புதிய சிங்கள நாடகத்தை உருவாக்கிக்கொண்டிருந்த அதே பேராதனையில், 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ எல்லாம் அப்படி வந்தவை. விடிய விடிய ஆடும் கூத்தை, நகரத்து மேடைக்கு ஏற்றபடி சுருக்கித் தந்த அந்த முயற்சி, ஈழத் தமிழ் நாடகத்துக்கே புது ரத்தம் பாய்ச்சியது.

எல்லாமே பூவும் பாட்டுமாக இருந்த இடம் என்று சொல்லிவிட முடியாது. 1983-ல் இங்கே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். 1980-களின் கடைசியில் இளைஞர் கிளர்ச்சியும் அதை ஒடுக்கிய வன்முறையும் சிங்கள மாணவர்கள் பலரின் உயிரைப் பறித்தன. இவ்வளவு அழகான இடத்திலா என்று மனசு கனக்கிறது. தெரிந்துகொண்டு நடப்பதுதான் மரியாதை.

வளாகத்துக்குள்ளேயே விகாரை, தேவாலயம், பள்ளிவாசல், கோயில் என நான்கு சமயத்தவருக்கும் வழிபாட்டு இடங்கள் உண்டு. மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் பெயர் குறிஞ்சிக் குமரன். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று பள்ளியில் படித்த யாருக்கும் இந்தப் பெயர் பிடித்துப்போகும். கொஞ்சம் மூச்சு வாங்க ஏற வேண்டும். மேலே போய் உட்கார்ந்தால் மகாவலிப் பக்கமிருந்து வரும் காற்று களைப்பையெல்லாம் துடைத்துவிடுகிறது. இறங்கும்போது, ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு நிழல் பாதைக்கு ‘லவ்வர்ஸ் லேன்’ என்று பெயர் இருப்பதைச் சொன்னேன். “படிக்க வந்தாங்களா, இதுக்கு வந்தாங்களா?” என்று தலையில் அடித்துக்கொண்டார் அம்மா. ஆனாலும், அந்தப் பாதையில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்!

ஆற்றின் வளைவில் ஒரு பூங்கா

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பேராதனை அரச தாவரவியல் பூங்கா. மகாவலி கங்கை மாலைபோல் வளைந்து மூன்று பக்கமும் சுற்றிவர, நடுவில் 147 ஏக்கர். அலெக்ஸாண்டர் மூன் என்ற தாவரவியலாளர் 1821-ல் ஆரம்பித்தது. 4,000-க்கும் மேற்பட்ட தாவர வகைகள் இங்கே இருக்கின்றன. சரியாகப் பார்க்க அரை நாளாவது வேண்டும்.

ராணுவ அணிவகுப்புபோல் நிற்கும் ராஜபனைச் சாலை, ஆர்க்கிட் வீடு, உலகத்திலேயே பெரிய விதையைத் தரும் இரட்டைத் தேங்காய் மரங்கள், புல்வெளியை மூடியபடி குடைபோல் படர்ந்திருக்கும் ராட்சத ஜாவா அத்தி ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். குழந்தைகளுக்குப் பிடித்தது பழந்தின்னி வௌவால்கள். பட்டப்பகலில் கூட்டம் கூட்டமாக மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சண்டை போடுகின்றன. உலகத் தலைவர்கள் நட்ட மரங்களுக்கென்று தனி வரிசை உண்டு. அதில் 1901-ல், பின்னாளில் இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசரும் அவர் மனைவியும் நட்டது நம்ம நாகலிங்க மரம். இரண்டாம் உலகப் போரில், மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகத்தை வைத்திருந்ததும் இந்தப் பேராதனையில்தான்.

அம்மாவை நிற்க வைத்தது இன்னொரு தகவல். இலங்கைக்கு முதன்முதலில் தேயிலைச் செடி வந்து இறங்கியது இந்தப் பூங்காவில்தான். 1824-ல் சீனாவிலிருந்து கொண்டுவந்து வெறும் காட்சிக்காக நட்டார்கள். ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரவில் வணிகத் தோட்டம் போட்டது 1867-ல். அதற்குப் பிறகுதான் மலை மலையாகத் தேயிலை, லயம் லயமாக நம் மக்கள். “இங்கேருந்துதான் ஆரம்பிச்சுதா” என்று தரையைப் பார்த்தார் அம்மா. அந்தக் குரலில் இருந்தது வியப்பா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

கண்டியில் ஒரு நாள்

கண்டிக்கு வந்துவிட்டு தலதா மாளிகையைப் பார்க்காமல் திரும்ப மாட்டீர்கள். புத்தரின் புனிதப் பல் இருப்பதாக நம்பப்படும் கோயில். முழங்காலும் தோளும் மூடிய உடை கட்டாயம். எதிரே இருக்கும் ஏரியை 1807-ல் வெட்டியவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சத்தவர். ஆங்கிலேயர்கள் அவரைப் பிடித்து நம்ம வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832-ல் அங்கேயே இறந்தார். வேலூர் முத்துமண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏரிக்கரையில் நிற்கும்போது ஏதோ ஒரு நூல் இழுக்கும்.

நேரம் இருந்தால் ஹந்தானையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தையே அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். உருட்டும் இயந்திரங்கள், உலர்த்தும் அடுப்புகள், ஜேம்ஸ் டெய்லர் பயன்படுத்திய பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. நாங்கள் போனபோது அம்மாதான் வழிகாட்டி. ஒவ்வொரு இயந்திரமும் எப்படி வேலை செய்யும் என்று கூட வந்த வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கைச் சைகையிலேயே விளக்கிவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. கண்டி நகரத்தில் சைவக் கடைகள் இருக்கின்றன. இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல் காலையில் கிடைக்கும். இரவில் கொத்து ரொட்டி தட்டும் சத்தமே பசியைக் கிளப்பும். டீ வேண்டும் என்றால் பால் டீயா, ‘பிளேன் டீ’யா என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் கவனிக்க

* கண்டி, பேராதனை சுமார் 500 மீட்டர் உயரம்தான். ஊட்டி, கொடைக்கானல் குளிரை எதிர்பார்த்து ஸ்வெட்டர் மூட்டை கட்ட வேண்டாம். குடை மட்டும் கட்டாயம்.

* ஜனவரி முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. ஜூலை, ஆகஸ்ட்டில் வரும் கண்டி பெரஹரா ஊர்வலம் அற்புதமான காட்சி. ஆனால், அப்போது அறைக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

* ரயிலில் முன்பதிவு இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பதிவு இல்லாத பெட்டிகளுக்கு அன்றைக்கே டிக்கெட் வாங்கலாம். நிற்கத் தெம்பு வேண்டும்.

* நாங்கள் போனது 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலுக்கு முன்னால். மலையகத்தைப் புரட்டிப் போட்ட அந்தப் புயல், ரயில் பாதைகளையும் விட்டுவைக்கவில்லை. அதனால் எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். ரயில் இல்லாவிட்டால் கொழும்பு – கண்டிப் பேருந்துகள் பேராதனை வழியாகவே போகின்றன.

* பல்கலைக்கழகம் சுற்றுலாத் தலம் இல்லை. சாலைகளில் நடக்கலாம், மரத்தடியில் உட்காரலாம். வகுப்பறை, நூலகம், விடுதிகளுக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். மாணவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

* ஆட்டோவுக்குப் ‘பிக்மீ’ செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டால் பேரம் பேசும் வேலை மிச்சம்.

* நம் ஒரு ரூபாய் அங்கே மூன்று ரூபாய்க்கும் மேல். விலைப்பட்டியலைப் பார்த்துப் பதறாமல் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். பூங்கா போன்ற இடங்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல்.

‘எந்தத் தோட்டம் கண்ணு?’

கடைசி நாள் காலை, “இன்னொரு தடவ அங்க போய்ட்டு வந்துரலாமா?” என்றார் அம்மா. ரயிலுக்கு நேரம் இருந்தது. மறுபடியும் கலஹா வீதி.

மரத்தடி பெஞ்ச்சில் ஒரு பெண் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். இருபது வயதுதான் இருக்கும். யாரிடமோ போனில் பேசியதைக் கேட்டுவிட்டு அம்மா சட்டென்று நின்றுவிட்டார். அது யாழ்ப்பாணத் தமிழ் இல்லை. அம்மா வீட்டில் பேசுகிற தமிழ்.

“எந்தத் தோட்டம் கண்ணு?”

மலையகத்துக்காரர்கள் சந்தித்தால் கேட்கிற முதல் கேள்வி. அந்தப் பெண் ஆச்சரியமாக நிமிர்ந்தாள். நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாராம். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவள் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

“எங்க லயத்துல கேம்பஸ் வந்த முதல் ஆள் நான்தாம்மா” என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

அம்மா தன் கதையைச் சொல்லவில்லை. நான் எடுத்துக்கொடுத்தும் சொல்லவில்லை. “சோறெல்லாம் ஒழுங்கா போடுறாங்களா? குளிருக்குப் போர்வை இருக்கா? எங்க ஒக்காந்து படிப்ப?” என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்.

“லைப்ரரிலதாம்மா. வாங்க, காட்டுறேன்.”

நூலகத்தின் வாசல் வரை கூட்டிப் போனாள். அங்கே ஆயிரக்கணக்கில் ஓலைச்சுவடிகள்கூட இருக்கின்றன என்றாள். காவலரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்து, வாசல் மண்டபம் வரை போகலாம் என்று கை காட்டினார்.

நான் இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அம்மா கீழேயே நின்று, குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“செருப்போடவே வரலாம்மா” என்றாள் அந்தப் பெண்.

“இருக்கட்டும் கண்ணு” என்று வெறுங்காலோடு படியேறினார்.

உள்ளே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நீளமான மேசைகள். குனிந்து படித்துக்கொண்டிருக்கும் தலைகள். ஒரு நிமிடம், அல்லது இரண்டு நிமிடம். அவ்வளவுதான் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து, ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்து அழுத்தினார். இந்திய ரூபாய். “இங்க செல்லாது அம்மா” என்று அவள் சிரித்தாள். “செலவழிக்க இல்ல. புஸ்தகத்துல வெச்சுக்க” என்றார் அம்மா.

மத்தியானம் கண்டியில் கொழும்பு ரயில் ஏறினோம். அம்மாவுக்காக அடித்துப் பிடித்து ஜன்னலோர இருக்கை பிடித்து வைத்திருந்தேன். சரசவி உயன வரப்போகிறது என்று தெரிந்ததும் அம்மா எழுந்தார்.

“நீ இங்கிட்டு வா. நான்தான் நல்லாப் பாத்துட்டேனே, நீ பாரு” என்று என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார்.